நாய்க்கு உண்ணி: வேப்பெண்ணெய் தடவியும் போகவில்லை, அவசரம்

கரிசல்மண்:
வணக்கம். எங்கள் நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி. ஒரு வாரமாக வேப்பெண்ணெயில் சூடம் கரைத்துத் தடவுகிறேன். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருக்கிறது. ரசாயன மருந்து வேண்டாம். நாட்டு மருந்து தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தாமிரபரணி:
என்ன நாய், என்ன வயது? குட்டியா? ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? எண்ணெயை நக்குகிறதா?

மாட்டுக்கொட்டில்:
எங்கள் மாடுகளுக்குப் பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி எல்லாம் அரைத்துத் தண்ணீரில் கலந்து வடிகட்டித் தெளிக்கிறோம். கைகண்ட மருந்து. நாய்க்கும் அதையே தெளியுங்கள். சோற்றில் இரண்டு பல் பூண்டு பிசைந்து வைத்தால் உண்ணி கிட்டே வராது.

வெண்சாமரம்:
பூண்டு கொடுக்காதீர்கள். இதை இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன்! பழைய பதிவுகளைப் படிக்கக்கூடப் பொறுமையில்லாதவர்கள் நாய் வளர்க்கக் கூடாது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சூடம் அதைவிடக் கொடியது. தோல் வழியாகவே உள்ளே இறங்கும், நக்கினால் வலிப்பு வரும். இன்றே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கொடிக்கால்:
அடுத்து யாராவது சீத்தா விதைப் பொடியைச் சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டு நாய்க்கு அதைக் குழைத்துப் பூசினார்கள். அது முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டதில் பொடி கண்ணில் பட்டு, மறுநாள் கருவிழியில் வெண்மை படர்ந்துவிட்டது. மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மாட்டுக்கொட்டில்:
வெண்சாமரம் ஐயா, எங்கள் அப்பா வளர்த்த கோம்பை நாய்க்கு ஆஸ்பத்திரி வாசலே தெரியாது. பதினான்கு வயது வரை இருந்தது. நாட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சலெல்லாம் வராது. அது சீமை நாய்களுக்கு வருவது.

வெண்சாமரம்:
உண்ணி சாதி பார்த்துக் கடிப்பதில்லை. கிருமி ரத்தத்தில் ஏறினால் கோம்பையும் படுக்கும், ராஜபாளையமும் படுக்கும். ஒரு நாய் தப்பியதை வைத்து வைத்தியம் சொல்லாதீர்கள்.

மாட்டுக்கொட்டில்:
தலைமுறை தலைமுறையாகக் கால்நடைகளோடு வாழ்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். எங்கள் மாடுகளை வந்து பாருங்கள், ஓர் உண்ணி இருக்காது.

தாமிரபரணி:
மாட்டுக்கு நீங்கள் செய்வது சரிதான் அண்ணா, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாய் தன் உடம்பை ஓயாமல் நக்கும், பூசுவதில் பாதி வயிற்றுக்குப் போய்விடும். சண்டையை விடுங்கள், கேட்டவர் இன்னும் பதில் சொல்லவில்லையே.

கரிசல்மண்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சிப்பிப்பாறை, பெண், 3 வயது. எடை பார்த்ததில்லை. நக்குகிறது. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, வெயில் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன்.

தாமிரபரணி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. இப்போதே மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்திருந்தாலோ, அடிவயிற்றில் செம்புள்ளி இருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். எர்லிக்கியா, பெபீசியா இரண்டுமே உண்ணி கொண்டுவருகிற கிருமிகள். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் எதுவென்று தெரியும். காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

உண்ணி ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டீர்களே. இரவில் டார்ச் அடித்து நாய் படுக்கும் இடத்துச் சுவரைப் பாருங்கள். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய பெண் உண்ணி உதிர்ந்து, சுவர் வெடிப்புக்குள் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்மேல் நீங்கள் காண்பது கொஞ்சம்தான், மீதி சுவரில் இருக்கிறது.

பப்பாளித்தோட்டம்:
பப்பாளி இலைச் சாறு கொடுங்கள், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏறும் என்பார்கள்.

வெண்சாமரம்:
கிருமியை யார் கொல்வது?

கரிசல்மண்:
அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஈறு சுண்ணாம்பு போல இருந்தது. காய்ச்சல் 104. தட்டணுக்கள் 38 ஆயிரம்தான், குறைந்தது இரண்டு லட்சமாவது வேண்டுமாம். எர்லிக்கியா. கிருமியைக் கொல்ல டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். இன்று காலை என் கையிலிருந்து இரண்டு வாய் தயிர்ச்சோறு வாங்கிக்கொண்டது. எண்ணெயைக் கழுவிவிட்டேன். நன்றி.

மாட்டுக்கொட்டில்:
நல்லது தம்பி. பூண்டு வேண்டாம். சுவர் வெடிப்பைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். படுக்கைச் சாக்கைக் கொளுத்திவிடுங்கள்.

தாமிரபரணி:
மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். உண்ணி மறுபடி ஏறாமல் இருக்க மருத்துவர் மருந்து எழுதினாரா? ரத்தத்தை மறுபடி எப்போது பார்க்கச் சொன்னார்?