அமுச்சியைத் தலைக்காவிரிக்குக் கூட்டிப் போக எந்த மாதம் சரி?

கவுந்தப்பாடி பேரன்:
வணக்கம்ங்க. எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, வயது 76. ஆடி 18 அன்று பவானி கூடுதுறையில் முழுகாமல் இருந்ததே இல்லை. ஊர் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வழக்கம்போல ஊரே கொடுமுடிக்குப் போய்க் காவிரித் தீர்த்தம் முத்தரித்து (முறைப்படி மொண்டு எடுத்து) வரும். அமுச்சி மட்டும், ஒரு சொம்பாவது காவிரி பிறக்கிற தலைக்காவிரியிலிருந்து வந்தே ஆக வேண்டும், அதுவும் தன் கையால்தான் என்று பிடிவாதமாக நிற்கிறது. முழங்கால் வலி உண்டு. கையைப் பிடித்துக்கொண்டால் படி ஏறிவிடும். சத்தியமங்கலம் வழியாக நானே கார் ஓட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். மாமா ‘ஆடியில் போ, அப்போதான் ஆற்றில் தண்ணி இருக்கும்’ என்கிறார். ஐப்பசி முதல் நாள்தான் தீர்த்தம் பொங்கும் என்று வேறு சொல்கிறார்கள். எப்போது போகலாம்?

பவானி வேன்காரன்:
தம்பி, முதலில் ஆடியை மறந்துவிடுங்கள். மாமா சொல்வது மேட்டூருக்குக் கீழே இருக்கிற நம் கணக்கு. குடகில் அது அடைமழைக் காலம். தலைக்காவிரிக்குக் கீழே இருக்கிற பாகமண்டலத்தில் ஆறு ஏறிச் சாலையே முழுகிவிடும். 2020 ஆகஸ்டில் பிரம்மகிரி மலை சரிந்து, தலைக்காவிரி கோயில் தலைமை அர்ச்சகர் வீடும் அங்கிருந்தவர்களும் மண்ணுக்குள் போனது நினைவிருக்கும். அந்த மாதத்தில் யார் வாடகைக்குக் கூப்பிட்டாலும் நான் வண்டி எடுப்பதில்லை.

ஐப்பசி முதல் நாள், அதாவது அக்டோபர் 17 அல்லது 18, துலா சங்கராந்தி. சூரியன் துலா ராசிக்குள் நுழையும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் கணித்து முன்பே அறிவித்துவிடுவார்கள். அது பகலாகவும் இருக்கும், ஒரு வருடம் நடு ராத்திரியாகவும் அமையும். அந்த நெரிசலில் பெரியவர்களை வைத்துக்கொண்டு நிற்பது பெரும் பாடு. என் யோசனை: ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போங்கள். ஐப்பசி முழுக்கத் துலா மாதம்தானே? மாயவரத்தில் மாதம் முழுக்க முழுகிவிட்டு, கடைசி நாளில் கடைமுழுக்கு என்கிறார்கள். அதற்கும் வந்து சேர முடியாதவருக்குக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சாமியே சலுகை கொடுத்திருக்கும்போது நாம் என்ன அவசரப்படுவது?

சரி, வழி. சத்தி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரியில் வாகனத் தடை உண்டு. விடிந்ததும் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, மைசூர், ஹுன்சூர், குஷால்நகர், மடிக்கேரி. ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குடகு மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது. அன்றைக்கு மடிக்கேரியில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் பாகமண்டலம். அங்கே காவிரியும் கன்னிகையும் சேருகின்றன, கண்ணுக்குத் தெரியாமல் சுஜோதி என்று மூன்றாவது ஒன்று. நம் கூடுதுறையில் காவிரி, பவானியோடு அமுத நதி என்கிறோமே, அமுச்சிக்கு விளக்கவே வேண்டியிருக்காது. முதலில் அங்கே முழுகிவிட்டு மேலே போவதுதான் முறை. அங்கிருந்து 8 கிலோமீட்டர் ஏற்றம்.

இன்னொன்றை அமுச்சியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தலைக்காவிரியில் ஆறு ஓடாது! சின்னக் கல் தொட்டி ஒன்று, அதுதான் பிரம்ம குண்டிகை. அதற்கு முன்னால் ஒரு குளம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழே போய்த்தான் ஆறாக வெளியே வருகிறது. என் வண்டியில் வருகிறவர்களில் பலர் இதைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று கேட்டுவிடுகிறார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

மஞ்சக்காட்டுக்காரன்:
வேன்கார அண்ணன் சொல்வது வசதிக்குச் சரி. ஆனால் அந்த நாளில் அந்த நேரத்தில் தொட்டியில் தண்ணீர் பொங்குவதைப் பார்ப்பதற்குத்தானே சனம் அவ்வளவு தூரம் போகிறது? அமுச்சியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கூட்டம் நமக்குத்தான் தொந்தரவு, வயசானவர்கள் சில சமயம் அதையே திருவிழாவாக எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், கொடுமுடித் தீர்த்தத்தை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். அகத்தியர் கமண்டலத்தைப் பிள்ளையார் காக்கையாக வந்து கவிழ்த்த கதை நம் கொடுமுடிக்கும் உண்டு. காவிரி கண்ட விநாயகர் என்றே பெயர். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி போவதும் அந்தத் தண்ணீரைச் சுமந்துதான். இரண்டையும் ஒரே கலசத்தில் சேர்த்துவிடுங்கள், ஊரிலும் சண்டை வராது.

குடகுக்கு வாக்கப்பட்டவள்:
நான் கோபிக்காரி, இப்போது இருப்பது விராஜ்பேட்டை பக்கம். வேன்கார அண்ணன் கட்சிதான் நான். சங்கராந்தியன்று இங்குள்ள குடும்பங்கள் மொத்தமும் மேலே ஏறும். வீட்டில் தேங்காய்க்கோ வெள்ளரிக்காய்க்கோ சிவப்புப் பட்டுச் சுற்றி, நகை போட்டு, காவிரியம்மனாக வைத்துக் கும்பிடுவார்கள். நம் ஊரில் ஆடி 18க்குக் காதோலை கருகமணி வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வேற்று வழக்கமாகவே தெரியவில்லை.

தை வரைக்கும் தண்ணீர் இருக்குமா என்று கவலை வேண்டாம் தம்பி. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தீர்த்தத்தை வருடம் முழுக்கப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்; உயிர் போகும் நேரத்தில் வாயில் விடுவதும் அதைத்தான். ஆனால் அமுச்சியே தொட்டிக்குள் கைவிட்டு மொள்ள முடியாது. அர்ச்சகர் தருவதைச் சொம்பில் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் தன் கையால் எடுத்தது மாதிரிதான். ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் மழை வரும், காலையிலேயே ஏறிவிடுங்கள். படியில் ஈரம் இருக்கும், கைத்தடி வேண்டும். அமுச்சிக்கு ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கவுந்தப்பாடி பேரன்:
ரொம்ப நன்றிங்க. அமுச்சியைக் கேட்டேன், கூட்டம் வேண்டாமாம், ஐப்பசி கடைசி வாரம் என்று முடிவாகிவிட்டது. இப்போது புதுச் சிக்கல்: தீர்த்தச் சொம்பைத் தரையில் வைக்கக் கூடாது என்கிறது. வீடு வருகிற வரைக்கும் மடியிலேயே வைத்திருக்குமாம்.

பவானி வேன்காரன்:
மடியில் வேண்டாம் தம்பி, திம்பம் இறக்கத்தில் பாதி சேலையில்தான் இருக்கும். திருகு மூடி போட்ட செம்பாக வாங்குங்கள். பின் சீட்டில் துண்டைச் சும்மாடு மாதிரிச் சுருட்டி அதன்மேல் வைத்து சீட் பெல்ட்டை மாட்டிவிடுங்கள். சீட்டு தரையில் சேராது, அமுச்சியும் ஒத்துக்கொள்ளும். சாப்பிட இறங்கும்போது ஒருவர் வண்டியிலேயே இருங்கள், வழியில் குரங்கு அதிகம்.