பண்டீனா – ஆட்ஃபோர்ட் நடை: பிள்ளைகளோடு போனவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சிட்னி ராயல் தேசியப் பூங்காவின் கடலோரப் பாதையில், பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்ட் வரை 26 கிலோமீட்டர், 13, 16 வயதுப் பிள்ளைகளோடு நடக்கப் போகிறோம். இரவு நார்த் ஈராவில் கூடாரம். இடம் பதிவு செய்தாயிற்று.

பெரிய கவலை தண்ணீர்தான். முகாமில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு எத்தனை லிட்டர் சுமந்தீர்கள்? சின்னவள் முதுகில் எவ்வளவு ஏற்றலாம்? முதல் நாளே பாதிக்கு மேல் நடந்தாக வேண்டும், அதுவும் நிழல் குறைந்த பாதை. வழியிலுள்ள வாட்டமொல்லா கடற்கரையில் குளித்துவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் சேர முடியுமா?

அப்புறம், பெரியவன் கடலோரப் பாறைத் தட்டில் இருக்கும் ஃபிகர் எய்ட் குளங்களைப் பார்த்தே தீருவேன் என்கிறான். அங்கே திடீர் அலை அடித்துப் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள்?