பீட்டர் பார்க்கர் அப்படிச் செய்யுற ஆளா?

கேள்வி: மேக்காமண்டபத்தான்

எனக்க அக்கா மகன் பத்தாம் கிளாஸ் பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் எங்க வீட்ல வந்து நின்னான். ரப்பர் வெட்டுக்கு நான் மூணு மணிக்கு எழும்புவேன். தலையில லைட்டைக் கட்டிட்டு வெளிய வந்தா, அவன் திண்ணையில உக்காந்து படிச்சுக்கிட்டிருப்பான். இருபது வருசமா நான் சேத்து வச்ச ஸ்பைடர்மேன் கதைகள் பூரா. இடையில ஒண்ணையும் விடாதே, வந்த வரிசையிலயே படின்னு நான்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் நான் ஷெட்டுல பாலை டிஷ்ஷுல ஊத்தி உறைய வச்சுக்கிட்டிருந்தப்ப புத்தகத்தோட வந்து நின்னான். கையைக் கழுவித் துடைச்சிட்டு வாங்கிப் பாத்தேன். 1973-ல வந்த 121-ம் இதழ். ஜெர்ரி கான்வே எழுதி, கில் கேன் வரைஞ்சது. கிரீன் காப்ளின்ங்கிற வில்லன், பீட்டருக்க காதலி குவென் ஸ்டேசியைப் பாலத்துல இருந்து தள்ளுதான், பீட்டர் வலையை வீசி அவ காலைப் பிடிக்கான். அந்தக் கட்டத்தைக் கிட்ட வச்சுப் பாத்திருக்கியளா? தலை பின்னால மடங்கிக் கிடக்கும். கழுத்துக்குப் பக்கத்துல, கண்ணுல படாத அளவுக்குச் சின்னதா, "ஸ்நாப்"னு ஒரு சத்தம் எழுதியிருக்கும். பையன் அந்த எழுத்துக்கு அடியில நகத்தை வச்சுக்கிட்டு, "மாமா, அப்ப அவளைக் கொன்னது பீட்டருக்க வலையா?"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லல்ல. எனக்கும் அதே வயசுல அதே எடத்துலதான் நெஞ்சு அடைச்சது.

அது நல்ல எழுத்து. காப்பாத்தப் போன கையே காரணமாயிட்டுதேன்னு பீட்டர் பிறகு காலம் பூரா சுமந்தான்.

அப்புறம் 2004-ல ஸ்ட்ராசின்ஸ்கி எழுதின "சின்ஸ் பாஸ்ட்" வந்துது. 31 வருசம் கழிச்சு, குவென் சாகுறதுக்கு முன்னே நார்மன் ஆஸ்பார்னுக்கு ரெட்டைப் பிள்ளை பெத்திருந்தாளாம். அவளைத் தள்ளிக் கொன்ன அதே காப்ளினுக்கு. செத்துப் போனவ எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல முடியாதே, அவளுக்க தலையில இதைக் கொண்டு வச்சா எப்பிடி? பையன் புத்தகத்தை மூடிட்டுக் கேட்டான்: "மாமா, இதுவும் நடந்ததுதானா?"

2007-ல "ஒன் மோர் டே". பீட்டரை வளர்த்த மே அத்தை சுடப்பட்டுச் சாகக் கிடக்கா. மெஃபிஸ்டோங்கிற பிசாசு வந்து, உங்க கல்யாணத்தைத் தா, அவளைப் பிழைக்க வைக்கேன்னு சொல்லுதான். பீட்டரும் மேரி ஜேனும் சம்மதிக்காங்க. 1987-ல நடந்த கல்யாணம் நடக்காததாப் போச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் அந்த நினைப்பும் இல்ல. தான் பிடிக்காம விட்ட திருடன் கையால பென் மாமா செத்த நாள்ல இருந்து, தப்புக்குள்ள விலையைத் தானே சுமக்கணும்னு இருக்கவன் பீட்டர். அவன் பிசாசுகூடப் பேரம் பேசுவானா?

எனக்க கேள்வி இதுதான். அடுத்தவன் உண்டாக்கின பாத்திரத்தை மாத்துறதுக்கும் கெடுக்குறதுக்கும் நடுவுல கோடு எங்க இருக்கு? அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பதில் 1: குளச்சல் கரை

அண்ணே, எழுத்தாளரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. ஸ்பைடர்மேன் எழுதுறவருக்குச் சொந்தம் இல்ல, கம்பெனிக்குச் சொந்தம். சின்ஸ் பாஸ்டுல அந்தப் பிள்ளைகள் பீட்டருக்குப் பிறந்ததா எழுதணும்னுதான் ஸ்ட்ராசின்ஸ்கி நெனச்சாரு. அப்படி எழுதினா பீட்டருக்கு வயசு கூடிப் போச்சுன்னு தெரியும்னு ஆசிரியர் குழு சம்மதிக்கல்ல. இதை அவரே வெளிப்படையாச் சொல்லியிருக்காரு. ஒன் மோர் டே முடிவும் அவருக்குப் பிடிக்கல்ல. கடைசி இதழ்கள்ல தன் பேரே வேண்டாம்னு சொல்லிப் பாத்தாரு. கல்யாணத்தை எடுத்தே தீரணும்னு நின்னது, அப்ப தலைமை ஆசிரியரா இருந்து அந்தக் கதைக்குப் படமும் வரைஞ்ச ஜோ கேசாடா.

கல்யாணம் ஆனவன் கதையைச் சின்னப் பிள்ளைகள் படிக்காதுன்னு ஒரு பயம். அந்தப் பயத்துல எடுத்த முடிவு அது. பாத்திரம் அதைச் செய்வானான்னு பாத்து எடுத்தது இல்ல. நான் பாத்தவரைக்கும் மோசமான கதைகள் பாதிக்கு மேல இப்படித்தான் வந்திருக்கு. முடிவை முதல்ல வச்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ஆளை வளைக்காங்க.

பதில் 2: உடுக்கைச் சத்தம்

எங்க அப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி. நான் பன்னிரண்டு வயசுல குடம் அடிக்க உக்காந்தேன். இப்பவும் பங்குனி, சித்திரையில கல்குளம் பக்கம் கோவில் கொடைகளுக்குப் போறோம். காமிக்ஸ் நான் அதிகம் படிச்சவ இல்ல, தம்பிமார் படிச்சதைப் படிச்சதுதான். ஆனா அடுத்தவங்க உண்டாக்கின கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுறது எங்க தொழில். அதனால எழுதுறேன்.

முத்துப்பட்டன் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிராமணப் பிள்ளை. செருப்புத் தைக்கிற வாலப்பகடையோட பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டணும்னு நிக்கிறான். பகடை சும்மா கொடுக்கல்ல. குடுமியை அறு, பூணூலை அறு, தோல் வேலை பழகுன்னு சொல்லுறான். முத்துப்பட்டன் எல்லாத்தையும் செய்றான். அப்பா அந்த எடத்தைப் பாடும்போது வில்லை அடிக்கிற வீசுகோலை நிறுத்திடுவார். உடுக்கை மட்டும் மெதுவா ஓடும். குடுமி விழுந்துதுன்னு பாடினதும் கூட்டத்துல ஒரு சத்தம் இருக்காது. கடலை விக்கிறவர்கூட நின்னு கேப்பார்.

பின்னால வந்த ஏடுகள்ல யாரோ ஒரு திருத்தம் செஞ்சு வச்சாங்க. அந்தப் பெண்கள் உண்மையில பிராமணப் பிறப்பாம். காட்டுல விடப்பட்டவங்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். இது பிற்காலத்துல சேர்த்ததுன்னு பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக் காட்டினார். இந்த ஒரு வரி என்ன செய்யுதுன்னு பாருங்க. கதையில ஒரு சம்பவமும் மாறல்ல. அவன் குடுமியை அறுக்கிறான், மாடு மீட்கப் போய்ச் சாகிறான், எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா அவன் கொடுத்த விலை போயிட்டுது. சாதியை விட்டு வந்தவன், தெரியாமலே சொந்தச் சாதியில கட்டினவனா ஆயிட்டான். அப்பா அந்தப் பாடத்தைப் பாடவே மாட்டார். "அவன் அறுத்த குடுமியை ஒட்ட வைக்க நான் யார்?"னு கேட்பார்.

அண்ணே, நீங்க கேட்ட கோடு எனக்கு அங்கதான் தெரியுது. பாத்திரத்துக்கு அடி விழலாம். கை போகலாம், கால் போகலாம், உயிரே போகலாம். அவங்க கொடுத்த விலையைப் பின்னால வந்தவன் இல்லன்னு ஆக்கக் கூடாது. ஒன் மோர் டேயில கல்யாணம் போனதைவிட எனக்கு வலிச்சது, அவங்களுக்கு அது ஞாபகமே இல்லாமப் போனதுதான். விலை கொடுத்தவனுக்கே தெரியாத விலை என்ன விலை?

பேட்மேன் கதைகள்ல பேட்கேர்ளா வந்த பார்பரா கார்டனைப் பாருங்க. 1988-ல ஆலன் மூர் எழுதின கதையில ஜோக்கர் சுட்டு அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போச்சு. அவளோட துக்கத்துக்கு அந்தக் கதையில எடமே இல்ல. பேட்மேனையும் அவ அப்பாவையும் வதைக்க அவளை ஒரு கருவியா ஆக்கினாங்க. அது எனக்குக் கோபம்தான். ஆனா ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவர் மனைவி கிம் யேலும் அவளை அங்கேயே விட்டுடல்ல. மறு வருசமே சக்கர நாற்காலியில இருந்தபடி கம்ப்யூட்டர் வழியா மத்த ஹீரோக்களுக்கு வழிகாட்டுற ஆரக்கிளா கொண்டு வந்தாங்க. ஒருத்தர் செஞ்ச காயத்தை மறைக்காம, அதுல இருந்தே ஒரு மனுஷியை எழுப்பினாங்க. 2011-ல கம்பெனி எல்லாக் கதையையும் புதுசா தொடங்கினப்ப அவளை எழுப்பி நடக்க வச்சு, மறுபடியும் பேட்கேர்ள் ஆக்கிட்டாங்க. எங்க குழுவுல ஜால்ரா போடுற அக்காவுக்குச் சின்ன வயசுல போலியோ வந்து கால் நடக்க வராது. அவங்களுக்கு நான் ஆரக்கிளைப் பத்திச் சொல்லியிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல.

பதில் 3: பழைய முத்து

அந்த அக்கா சொன்னதை இரண்டு முறை படித்தேன். நான் நாகர்கோவிலில் அறுபது வயதைத் தாண்டியவன். வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் கயிறு கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே நின்றுதான் என் காமிக்ஸ் பழக்கம் தொடங்கியது.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது நமக்கு முதலில் கிடைத்தவர் இரும்புக்கை மாயாவி. நாம் அவரை உளவாளியாக, நல்லவராகவே கொண்டாடினோம். ஆனால் 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் அவர் தொடங்கிய விதம் வேறு. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மட்டும் தெரிய உடல் மறையும் என்று கண்டதும், லூயிஸ் கிராண்டேல் (அதுதான் மாயாவியின் அசல் பெயர்) அந்தச் சக்தியைக் குற்றத்துக்குத்தான் பயன்படுத்தினார். பிறகுதான் திருந்தி அரசாங்கத்துக்கு வேலை செய்தார். ஸ்பைடர் என்ற இன்னொரு இங்கிலாந்துப் பாத்திரமும் (ஸ்பைடர்மேன் இல்லை) அப்படித்தான். டெட் கோவன் 1965-ல் படைத்தபோது குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகத் துடித்தவன். பிறகு எழுத வந்த ஜெர்ரி சீகல் அவனைக் குற்றவாளிகளுக்கே எதிரியாகத் திருப்பினார். யார் இந்த சீகல்? 1938-ல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். அந்த முதல் சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். மனைவியை அடிப்பவனைச் சுவரில் எறிந்தான். அதுவும் பிறகு மாறியது.

ஆகவே முதலில் எழுதியவர் வைத்தபடியே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாயாவி திருந்தினார் என்றால் அவர் திருடியது அழியவில்லை. அதற்கு மேல் ஏறி வந்தார்.

அக்கா, ஒரே ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப் போகவில்லை. கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி செத்தது, பல பத்தாண்டுகள் அந்த மனிதர் சுமந்த விலை. 2005-ல் எட் புரூபேக்கர் பக்கியை உயிரோடு கொண்டுவந்தார். விலையை ரத்து செய்த குற்றம்தானே? ஆனால் பக்கி திரும்பியது மூளைச்சலவை செய்யப்பட்ட கொலைகாரனாக. சாகாததே பெரிய தண்டனையாகிவிட்டது. விலை குறையவில்லை, கூடியது. அதனால் அது நின்றது.

அதே கேப்டனை 2016-ல் நிக் ஸ்பென்சர், கதைகளில் நாஜிகளோடு சேர்ந்த வில்லன் கூட்டமான ஹைட்ராவின் ஆளாக்கினார். ஒரு மாயக் கனசதுரம் அவரது பிறப்பு முதலான வாழ்க்கையையே மாற்றி எழுதியதாகக் காரணம் சொன்னார்கள். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் முகத்தில் கேப்டனின் குத்து விழுவதாக வரைந்தவர்கள். 2016 கதையில் கேப்டன் ஹைட்ராவைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, அதனால் வருந்தித் திரும்பவும் இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் என்ன கதை இருக்கிறது?

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மேக்காமண்டபத்துத் தம்பி மனம் வெந்த அந்த இரட்டைப் பிள்ளைகள் குவென் பெற்றவர்களே இல்லை, உண்டாக்கப்பட்டவர்கள் என்று 2021-ல் மாற்றியவரும் இதே நிக் ஸ்பென்சர்தான். ஒரே கை ஒரு இடத்தில் கெடுக்கும், ஒரு இடத்தில் சரி செய்யும். ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், கதையைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: மேக்காமண்டபத்தான்

மூணு பேருக்கும் நன்றி. அந்த 2021 கதை நான் படிக்கல்ல, ஒன் மோர் டேயோட நிறுத்தினவன். இனி படிப்பேன். ஆனா திருத்தினதையும் நான் முழுசாச் சந்தோசமா எடுத்துக்க மாட்டேன். ரப்பர் மரத்துல கத்தி தோலைத் தாண்டித் தடியில பட்டா, அந்த எடத்துல பிறகு வளருற தோல் முண்டும் முடிச்சுமாத்தான் வரும். கத்தி அதுல நேரா ஓடாது. குவென் கதையைப் பதினேழு வருசம் அந்த முடிச்சோடதான் எல்லாரும் படிச்சாங்க.

பையன்கிட்ட ராத்திரி போன்ல பேசினேன். நடந்தது 121-ம் இதழ்ல நடந்தது, அதை எவனாலயும் எடுக்க முடியாது, மத்தது பின்னால வந்தவங்க எழுதினதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "அப்ப அந்த சத்தம் அங்கயேதான் இருக்கும், இல்லியா மாமா?"ன்னான். இருக்கும் மக்கா, அங்கயேதான் இருக்கும்னேன்.

முத்துப்பட்டன் கதையையும் சொன்னேன். அந்தக் குடுமி அறுக்கிற எடத்தை நேர்ல கேக்கணும்கான். அக்கா, உங்க அப்பாவுக்கு அடுத்த கொடை எந்த ஊர்ல?