சின்ட்ரெல்லா கதை தெரிந்த பிள்ளைகள் அதையே மறுபடி ஏன் படிக்கிறார்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எங்கள் ஊர் வாசகசாலையில் சாயங்காலம் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். இங்கிலீஷ் நாவல் என்றால் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மீறி அவர்கள் கேட்டு வாங்குவது, பழைய தேவதைக் கதைகளை வைத்துப் புதிதாக எழுதிய பேன்டஸி நாவல்களைத்தான்.

சின்ட்ரெல்லா கதையை வைத்து கெயில் கார்சன் லெவின் 1997இல் எழுதிய 'எல்லா என்சான்டட்' அடிக்கடி வெளியே போகிற புத்தகம். எல்லா என்கிற பிறந்த குழந்தைக்கு ஒரு தேவதை வரம் தருகிறாள்: யார் என்ன சொன்னாலும் கேட்டே ஆக வேண்டும். சித்திக் கொடுமையை சின்ட்ரெல்லா ஏன் சகித்தாள் என்பதற்கு அங்கேயே காரணம் கிடைத்துவிடுகிறது. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி திருப்பிக் கொடுக்க வந்தவள் மேஜையை விட்டு நகரவில்லை. "அக்கா, இவ நல்ல பொண்ணுங்கிறதால சொன்ன பேச்சு கேக்கலீங்க. கேக்காம இருக்க முடியல. ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே?" அவள் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் உள்ளேயே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஆசைப்பட்டவனே கல்யாணம் செய்துகொள் என்று சொல்ல, அவனுக்கு ஆபத்து வரக்கூடாதென்று கதாநாயகி மறுத்து, சாபமாகிப்போன அந்த வரத்தை அந்த மறுப்பாலேயே உடைக்கிற பக்கம்.

அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். அதனால் மொழி தடுமாறினாலும் கதை கைவிட்டுப் போவதில்லை. கதாநாயகி ஏன் அப்படிச் செய்தாள் என்பதிலேயே மனசு முழுக்க நிற்கிறது. சொன்ன பேச்சு கேள் என்று நாள் முழுக்கக் கேட்கிற வயசு அது.

"ரொம்ப இருட்டா இருக்கு" என்று சில பெற்றோர் சங்கடப்படுகிறார்கள். மூலமே இருட்டுதானே! 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடும், கதை அத்தோடு முடியும். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் கொண்டுவந்த தொகுப்பில், செருப்புக்குள் நுழைய வேண்டுமென்று சின்ட்ரெல்லாவின் அக்காமார் கால்விரலையும் குதிகாலையும் அறுத்துக்கொள்வார்கள். துடைத்து மினுக்கியதெல்லாம் பிற்பாடு.

நகரியிலிருந்து:

மேலே எழுதியவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பையன்களும் படிக்கிறார்கள். மரிஸா மேயரின் 'சிண்டர்' (2012) என் வகுப்பில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதில் சின்ட்ரெல்லா பாதி இயந்திரம், மெக்கானிக். அரண்மனைப் படிக்கட்டில் கழல்வது செருப்பு அல்ல, இரும்புப் பாதமே.

அதைப் பேசும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், நம்ம பழையனூர் நீலி பக்கம் நின்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா?" திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை, பாட்டிகள் சொல்லித்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். பழி வாங்கிய பேய், அவ்வளவுதான். எழுதியிருக்கிறார்கள் என்றேன். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் அதே நீலி, சமண முனிவரின் தவத்தைக் கலைக்க வந்து, அவரிடமே அறம் கேட்டு, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து ஜெயிக்கிறாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பேயை வாதப் புலியாக்கிய அந்தத் துணிச்சல் இன்று இந்த நாவல்கள் செய்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. நீலகேசியைப் பிள்ளைகள் வாசிக்கிற தமிழில் நாவலாக யாராவது எழுத வேண்டும், மனசார ஏங்குகிறேன்.

தேவிகுளத்திலிருந்து:

ஒரு அம்மாவாக ஒன்று மட்டும். அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். சாரா ஜே. மாஸ் 2015இல் எழுதிய, அழகியும் மிருகமும் கதையின் சாயல் கொண்ட நாவல் முதலில் இளையோர் வரிசையில் வந்தது. பிறகு 2020இல் அட்டை மாற்றிப் பெரியவர்கள் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பழைய அட்டைப் பிரதிகள் இன்னும் கைமாறுகின்றன. ஏழாவது, எட்டாவது என்றால் லெவின் கொடுங்கள், பிளஸ் ஒன்னுக்கு மேயர். மாஸ் காலேஜ் போன பிறகு.