களேபரமா, அலமரலா?

> ‘கேயாஸ்’ கோட்பாட்டுக்குக் ‘களேபரக் கோட்பாடு’ என்று வைக்கலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தெரிந்த சொல்தான். ஆனால் எதற்காகத் தெரிந்த சொல்? இங்கே மொரிஷியஸில் இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தவுடன் ரொட்டிக்கடை வாசலில் நடப்பது களேபரம். அதற்கு ஆட்கள் வேண்டும், கூச்சல் வேண்டும், இடிபாடு வேண்டும். வடமொழியில் அச்சொல்லுக்கு உடல் என்று பொருள். பூரி ஜகந்நாதருக்குப் புது மரத்தில் திருமேனி செய்யும் சடங்கை இன்றும் நவகளேபரம் என்கிறார்கள். அமளி என்ற பொருள் நம் வழக்கில் ஏறியது.

இந்தக் கோட்பாட்டுக்கு வழிவகுத்த அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் கண்டதில் அமளியே இல்லை. 1961இல் வானிலைக் கணக்கு ஒன்றை மறுபடி கணினியில் ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டார். சமன்பாடுகள் மாறவில்லை, கணினியும் பிசகவில்லை. ஆனால் போகப் போக இரண்டு வானிலைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொடக்கத்தில் நேரும் சிறு வேறுபாடு இப்படிப் பெருகிவிடுவதைத்தான் ‘கேயாஸ்’ என்கிறார்கள். இதனால்தான் ‘ஒழுங்கின்மை’ என்ற பழைய ஆக்கமும் எனக்கு உறுத்துகிறது. ஒழுங்கு உள்ளே இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லத்தான் முடியவில்லை. ‘குழப்பம்’ பார்ப்பவர் மனத்தில் இருப்பது. காற்றுக்கு ஏது குழப்பம்?

என் பரிந்துரை ‘அலமரல்’. தொல்காப்பிய உரியியல் அலமரல், தெருமரல் இரண்டுக்கும் சுழற்சி என்று பொருள் தருகிறது. மனம் கலங்கித் தவிப்பதையும் அச்சொல் குறிக்கும். லோரன்ஸ் 1963இல் தந்த சமன்பாடுகளை வரைந்து பாருங்கள்: கோடு இரண்டு மடல்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது, வந்த தடத்தில் மறுபடி விழுவதே இல்லை. அலமரல் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது! வினையாகவும் வளைகிறது: அமைப்பு அலமருகிறது, அலமரும் இயக்கம், அலமரா இயக்கம். களேபரம் ‘களேபரமான’ என்பதோடு நின்றுவிடும்.

இந்தத் தீவிலிருந்து எழுதுவதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1845 பிப்ரவரியில் சார்லஸ் ஹெடில் என்ற கப்பல் மொரிஷியஸ் அருகே புயலில் சிக்கி, நாள்கணக்கில் வட்டமடித்தது. அதன் பயணக் குறிப்பேட்டை ஆராய்ந்த கல்கத்தாவின் ஹென்றி பிடிங்டன்தான், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்லோன்’ என்ற பெயரை உண்டாக்கினார். பாய்மரம் முறிந்ததையோ அலை எழுந்ததையோ வைத்து அவர் பெயரிடவில்லை.

‘கொந்தளிப்பு’ என்பதை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். விமானத்தை உலுக்கும் காற்றுக்கும் மதகில் சீறும் நீருக்கும் அது ஏற்கெனவே பயன்படுகிறது. அந்த இடத்திலேயே இருக்கட்டும்.