ஓயாமல் ஒலி எழுப்பும் மகன்: சேலத்துப் பெற்றோர் வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. ஆட்டிசமும் மிகைத்துடிப்பும் சேர்ந்து இருக்கின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் "ஊ... ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் ஒலி எழுப்புகிறான். பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றதும் அவன் குரல் ஏறிவிடுகிறது. கன்னத்தை என் தோளில் அழுத்திக்கொண்டால் சற்றுத் தணிகிறது. காது, பல் இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டோம். வலி எதுவும் இல்லை.

அந்த ஒலி அவன் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதட்டி அடக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. ஆனால் ஏற்காடு பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவன் அக்கா தலைகுனிந்துகொண்டாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஊஞ்சல், மெல்லும் பொம்மை, பாட்டு, இவற்றில் எது உங்கள் பிள்ளைக்குப் பலன் தந்தது? சேலத்தில் பொறுமையான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) யாராவது இருக்கிறார்களா? இரவில் மற்ற பிள்ளைகளை எப்படித் தூங்கவைக்கிறீர்கள்?