புதுப்பிப்பு: இரவானால் பின்தங்கும் ஹைப்பர்-வி ரெப்ளிகா, தீர்ந்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஹைப்பர்-வி ரெப்ளிகா என்பது ஒரு விஎம்-இன் (விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளால் ஆன கணினி) டிஸ்க்கில் எழுதப்படும் மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அவ்வப்போது நகலெடுக்கும் விண்டோஸ் சர்வர் வசதி. பிரச்சினை இதுதான்: வேறு இடத்திலுள்ள எங்கள் இரண்டாம் தளத்துக்கு 5 நிமிட இடைவெளியில் ரெப்ளிகேட் ஆகும் டேட்டாபேஸ் விஎம், தினமும் இரவு 1 மணிக்கு மேல் 'கிரிட்டிக்கல்' காட்டும், காலையில் தானாகச் சரியாகிவிடும்.

இடைவெளியை 15 நிமிடமாக்கிப் பார்த்தேன். எச்சரிக்கை தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

"அந்த நேரத்தில் விஎம்-க்குள் என்ன எழுதப்படுகிறது?" என்று ஒருவர் கேட்டாரே, விடை அங்கேதான் இருந்தது. இரவு 1 மணிக்கு எஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸின் பேக்கப் கோப்பு), 60 ஜிபி, ரெப்ளிகேட் ஆகும் அதே விர்ச்சுவல் டிஸ்க்கில். ஆக, அதுவும் மாற்றமாகவே இரண்டாம் தளத்துக்குப் போகும். 100 எம்பிபிஎஸ் லைனில் அது மட்டுமே 80 நிமிட வேலை! பேக்கப் எடுப்பதே ரெப்ளிகாவின் கழுத்தை நெரித்திருக்கிறது.

டம்பையும் பேஜ்ஃபைலையும் (விண்டோஸ் நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கில் வைக்கும் தற்காலிகக் கோப்பு) புது டிஸ்க்குக்கு மாற்றினேன். ரெப்ளிகேஷனை முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயந்தது வீண். விண்டோஸ் சர்வர் 2016 முதல், ஓடும் விஎம்-இல் புதிதாகச் சேர்க்கும் டிஸ்க் தானாகவே ரெப்ளிகேஷனுக்கு வெளியே நிற்கிறது. ஒன்பது இரவுகளாக ஒரு எச்சரிக்கையும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று. டெஸ்ட் ஃபெயிலோவர் (ரெப்ளிகா நகலை இரண்டாம் தளத்தில் இயக்கிப் பார்க்கும் ஒத்திகை) செய்தபோது விஎம் எழுந்தது, ஆனால் டம்ப் வேலை தோற்றது. ரெப்ளிகா பக்கம் அந்த டிஸ்க்கே கிடையாதே! ஃபெயிலோவர் குறிப்பில் 'காலி டிஸ்க் இணை, அதே டிரைவ் எழுத்து கொடு' என்று சேர்த்துவிட்டேன்.

டம்ப் இப்போது வேகக் கட்டுப்பாட்டோடு தனி ஜாப்பாக இரண்டாம் தளத்துக்குப் போகிறது. அதை நிறுத்த மனமில்லை. தவறுதலாக அழித்த டேபிளையும் ரெப்ளிகா விசுவாசமாக அங்கே அழித்துவிடும், பழைய ரெகவரி பாயின்ட் (திரும்பிப் போகக்கூடிய முந்தைய நிலை) வைத்திருந்தாலும் அதிகபட்சம் 24 மணி நேரம்தான்.